பக்கத்துக் கடையைப் பார்த்துக் கடை போடாதீர்கள்

1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த எம் மக்களுட் பலர் செம்மண்ணில் மிளகாயும் வெங்காயமும் விளைவித்தவர்கள். காணி கைவிட்டுப் போனபின் சிலர் பெட்டிக்கடையை நாடினர். ஒருவர் பிழைக்கிறார் என்று கண்டு அடுத்தவரும் கடை போட்டார். ஒரே ஒழுங்கையில் நான்கு கடை. நான்கிலும் அதே சீனி, சவர்க்காரம், பிஸ்கற். வாங்குவோரும் அதே குடும்பங்கள், அதுவும் கடனுக்கு. ஈற்றில் முதலும் போயிற்று, அயலுறவும் போயிற்று.

இதில் எம்மைப் போன்ற தொண்டு செய்வோருக்கும் பங்குண்டு. எல்லோருக்கும் ஒரே கோழிக்குஞ்சு, ஒரே தையல் இயந்திரம் என்று பகிர்ந்தோம். அதை நீதி என்று எண்ணினோம். உண்மையில் அது எமக்கு இலகுவான வழி மட்டுமே.

கடன் எடுக்குமுன் மூன்று கேள்விகளைக் குடும்பமாக இருந்து கேளுங்கள். எமது கைக்குத் தெரிந்த வேலை எது? அயலவர் தேடியும் கிடைக்காத பொருள் எது? அதை ஏற்கெனவே செய்பவர் உண்டா?

காணி இல்லாத தோட்டக்காரனுக்கும் நாற்றுப்போடத் தெரியும். வளவில் ஒரு மூலையும் கிணற்று நீரும் போதும். மிளகாய், கத்தரி நாற்று ஏறக்குறைய ஒரு மாதத்தில் நடுகைக்கு ஆயத்தமாகிவிடும். 2015 முதல் விடுவிக்கப்பட்ட காணிகளில் மீளக்குடியமர்ந்தோர் அதனை வாங்கக்கூடியவர்கள். பனங்கூடலுக்கு அருகே இருப்போர் கிழங்குப் பாத்தி போடலாம். தையில் கிண்டி, அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். அவியாது காயவைத்தால் ஒடியல். இரண்டும் மாதக்கணக்கில் பழுதாகா.

இவை சிறிய தொழில்கள்தாம். ஆயினும் வேறொருவர் செய்யாத இடத்தில் சிறிய தொழிலும் நிலைக்கும். அயலவரின் அடுப்பை அணைத்துத்தான் எமது அடுப்பை மூட்டவேண்டும் என்பதில்லை.