ராக்கெட் செய்ய யார் வேண்டும்?

தாம்பரத்தில் கடற்கரை செல்லும் மின்சார ரயிலில் ஏறினால், அடுத்த நிலையம் தாம்பரம் சானடோரியம், அதற்கடுத்தது குரோம்பேட்டை. அங்கே ஒரு பழைய பொறியியல் கல்லூரி இருக்கிறது. மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி என்பது அதன் பெயர். எம்.ஐ.டி. என்றால் எல்லாருக்கும் தெரியும். தொழிலதிபர் சி. ராஜம் 1949-ஆம் ஆண்டில் அதை நிறுவினார். வானூர்திப் பொறியியல், மோட்டார் வாகனப் பொறியியல், மின்னணுவியல், கருவிப் பொறியியல் ஆகியவை அங்கே தொடக்க காலத்திலேயே கற்பிக்கப்பட்டன.

மாணவ நண்பர்களே, அந்த ஆண்டைச் சற்றுக் கவனியுங்கள். 1949-இல் நம் நாட்டில் விண்வெளித் துறை என்று ஒன்று இல்லை. கேரளத்தின் தும்பாவிலிருந்து முதல் ஆய்வு ராக்கெட் கிளம்பியது 1963 நவம்பர் 21-ஆம் நாள்தான். அதற்குள் எம்.ஐ.டி.யில் பல அணி மாணவர்கள் படித்து வெளியே வந்துவிட்டார்கள். அவர்களில் ஒருவர் அப்துல் கலாம். பறந்து ஓய்ந்த இரண்டு பழைய விமானங்களை அந்த வளாகத்தில் நிறுத்தி வைத்திருந்தார்கள். அவற்றைப் பார்த்துப் பார்த்துத்தான் வானூர்திப் பிரிவின் மேல் தமக்கு ஆசை வந்தது என்று அவர் பின்னாளில் எழுதினார். கன்னியாகுமரி மாவட்டத்து விவசாயி மகனான கே. சிவன் 1980-இல் அதே பிரிவில் பட்டம் பெற்றார். 2018 முதல் 2022 வரை இஸ்ரோவின் தலைவராக இருந்தவர் அவரே.

இதிலிருந்து எனக்குத் தோன்றுவது ஒன்று உண்டு. வேலை முதலில் வந்து, ஆட்கள் பிறகு வரவில்லை. ஆட்கள் முதலில் உருவானார்கள். அவர்களை நம்பித் துறை எழுந்தது.

இன்று அதே துறை மீண்டும் விரிகிறது. 2020-இல் மைய அரசு விண்வெளித் துறையைத் தனியார் நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டது. சென்னை ஐ.ஐ.டி.யில் தோன்றிய அக்னிகுல் நிறுவனம் 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஒரு சோதனை ராக்கெட்டைச் செலுத்தியது. அதன் எஞ்சின் ஒரே துண்டாக முப்பரிமாண அச்சு முறையில் செய்யப்பட்டது. அதாவது உலோகத் தூளை லேசர் ஒளியால் உருக்கி, அடுக்கின் மேல் அடுக்காக வளர்க்கிறார்கள். பல பாகங்களைத் தனித்தனியே கடைந்து வெல்டிங் செய்யும் வேலை மிச்சம். தூத்துக்குடி மாவட்டத்தின் குலசேகரன்பட்டினத்தில் புதிய ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள்.

இத்துறைக்கு எப்படிப்பட்ட ஆட்கள் வேண்டும்? ஒரு திரவ எரிபொருள் எஞ்சினை எண்ணிப் பாருங்கள். ஒரு குழாயில் சுழிக்குக் கீழே 183 டிகிரி குளிரில் திரவ ஆக்சிஜன் ஓடுகிறது. சற்றுத் தள்ளி, எரியறையில் ஏறத்தாழ 3,000 டிகிரி வெப்பம். நடுவில் இருப்பது ஓர் உலோகச் சுவர். அந்தச் சுவரின் கனத்தைக் கணக்கிட இயற்பியல் தெரிந்தவர் வேண்டும். உலோகம் எப்போது விரியும், எப்போது விரிசல் விடும் என்று அறிந்தவர் வேண்டும். வால்வு கசிகிறதா என்று கண்டுபிடிக்கும் கையும் காதும் உடையவர் வேண்டும். இவர்களில் ஒருவர் தவறினாலும் ராக்கெட் எழாது. இஸ்ரோவே பொறியாளர்களோடு பட்டயம் படித்தவர்களையும் ஐ.டி.ஐ. படித்தவர்களையும் வேலைக்கு எடுக்கிறது.

ஆனால் நம் வீடுகளில் பேச்சு வேறு விதமாக இருக்கிறது. பத்தாம் வகுப்பு முடித்தவன் பாலிடெக்னிக்கில் சேரப் போகிறேன் என்றால், "மார்க் குறைந்துவிட்டதா?" என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்வி தவறு என்பதற்கு இரண்டு சாட்சிகளைச் சொல்கிறேன்.

விழுப்புரத்து ரயில்வே ஊழியர் மகன் ப. வீரமுத்துவேல், முதலில் இயந்திரவியலில் பட்டயம் படித்தார். பிறகு மேற்குத் தாம்பரத்துச் சாய்ராம் பொறியியல் கல்லூரியில் பட்டம் பெற்றார், சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் வாங்கினார். 2023 ஆகஸ்டு 23 அன்று நிலவின் தென்முனைப் பகுதியில் இறங்கிய சந்திரயான்-3 திட்டத்தின் இயக்குநர் அவர்தான். 2025 ஜனவரியில் இஸ்ரோ தலைவராகப் பொறுப்பேற்ற வி. நாராயணனும் முதலில் பட்டயம் படித்தவரே. தொழிற்சாலைகளில் வேலை பார்த்துவிட்டு 1984-இல் இஸ்ரோவில் சேர்ந்தார். அதன் பிறகே மேற்படிப்பு, கிரையோஜெனிக் எஞ்சின் ஆராய்ச்சி எல்லாம்.

பட்டயம் போதும், கணக்கு வேண்டாம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இருவரும் கணக்கிலிருந்து தப்பி ஓடவில்லை. வேறு வாசல் வழியாக வந்து, அதே கடினமான பாடங்களைப் பல ஆண்டுகள் கூடுதலாக உழைத்துப் படித்தார்கள். அந்த வழி நீளமானது என்பது உண்மை. ஆனால் அது மூடிய வழி அல்ல. இன்றும் பட்டயம் முடித்தவர்கள் பொறியியல் பட்டப் படிப்பில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம்.

புதிய நிறுவனங்களை நடத்துவோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வந்து குவியும் விண்ணப்பங்களைக் கல்லூரியின் பெயரை வைத்துப் பிரிப்பது எளிது. ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். ஆனால் அப்படிப் பிரித்தால், இருபத்திரண்டு வயது வீரமுத்துவேலின் தாள் எந்தக் கட்டில் விழுந்திருக்கும்? ஒரு பழுதான பம்பைக் கொடுத்து, "என்ன கோளாறு? எப்படிக் கண்டுபிடித்தாய்?" என்று கேட்பதற்கு அரை நாள் ஆகும். அந்த அரை நாளைச் செலவிடத்தான் வேண்டும்.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான். சென்ற ஆண்டு எந்தப் படிப்புக்கு அதிகச் சம்பளம் கிடைத்தது என்று பார்த்து முடிவெடுக்காதீர்கள். நீங்கள் படித்து முடிக்கும்போது உலகம் வேறாக இருக்கும். இயற்பியலையும் கணக்கையும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். வீட்டில் பழைய மின்விசிறி இருந்தால், பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மின் இணைப்பை நீக்கிவிட்டுக் கழற்றிப் பாருங்கள். எதைக் கழற்றினீர்கள், எந்த வரிசையில் கழற்றினீர்கள் என்று நோட்டில் எழுதுங்கள். பிறகு திரும்பப் பூட்டுங்கள். கடைசியில் ஒரு திருகு மிஞ்சினால், அது எங்கிருந்து வந்தது என்று தெரியும்வரை விடாதீர்கள்.

ராக்கெட் செய்வதற்கும் அந்தப் பழக்கம்தான் வேண்டும்.