இலை உதிருமுன் வந்த பனி



2018ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் நாள் காஷ்மீர்ப் பள்ளத்தாக்கில் வெண்பனி பெய்தது. காஷ்மீரில் பனி பெய்வதும் ஒரு செய்தியா என்று கேட்பீர்கள். மலைமுகடுகளில் என்றால் அது செய்தியன்று. ஸ்ரீநகரிலும் அதைச் சூழ்ந்த தாழ்நிலத்திலும், அதுவும் நவம்பர் முதல் வாரத்தில் என்றால் செய்திதான். அங்கே கடுங்குளிர் வாட்டும் நாற்பது நாட்கள் டிசம்பர் 21இல்தான் தொடங்குகின்றன. 'சில்லாய் கலான்' என்று அவற்றுக்குப் பெயர். அன்றோ சினார் மரங்களின் சிவந்த இலைகள்கூட உதிர்ந்து முடியவில்லை. ஆப்பிள் மரங்களும் இலையோடு நின்றன. சோபியான், புல்வாமா பகுதிகளில் ஏராளமான ஆப்பிள் மரங்கள் கிளை முறிந்தும் நடுவே பிளந்தும் போயின. அடுத்த ஆண்டு நவம்பர் முதல் வாரத்தில் மீண்டும் அதே கதை. அம்முறை பழம் பறித்து முடியாத தோட்டங்களும் சிக்கிக்கொண்டன. பழைய வகை ஆப்பிள் மரம் காய்ப்புக்கு வரவே ஏழெட்டு ஆண்டுகள் ஆகும். அது ஒரே இரவில் விறகாகிப் போவதை எண்ணிப் பாருங்கள்.

இப்போது உங்கள் பாடத்திற்கு வருகிறேன். "வெண்பனி எப்போது பெய்யும்?" என்று கேட்டால், "வெப்பநிலை 0 டிகிரிக்குக் கீழே குறையும்போது" என்று எழுதுவீர்கள். முழு மதிப்பெண்ணும் கிடைக்கும். நான் திருத்தினால் பாதிதான் போடுவேன். கஞ்சத்தனம் என்று நினைக்க வேண்டாம். அந்த விடையை நம்பினால் காஷ்மீரில் நடந்தது விளங்காது.

முதலில் ஒரு சொற்குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். மார்கழிக் காலையின் பனித்துளியும் பனி. ஊட்டிப் புல்வெளியில் வெளுத்துக் கிடப்பதும் பனி. காஷ்மீரில் வானிலிருந்து விழுவதும் பனி. ஊட்டியில் நிகழ்வது, தெளிந்த வானமுள்ள இரவில் தரை தன் வெப்பத்தை இழந்துவிட, காற்றிலுள்ள நீராவி புல்லின் மேல் நேரடியாகப் படிகமாவது. அதற்கு மேகமே தேவையில்லை. அது உறைபனி. வெண்பனியோ மேகத்தில் பிறக்கிறது. ஆகவே தரை எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பதைவிட, மேலே என்ன நடக்கிறது என்பதே முதற்கேள்வி.

காஷ்மீருக்குக் குளிர்கால மழையையும் பனியையும் கொண்டுவருபவை மத்தியதரைக் கடல் பக்கமிருந்து கிழக்கு நோக்கி நகர்ந்துவரும் காற்றுச் சுழற்சிகள். வானிலை ஆய்வாளர்கள் அவற்றை மேற்கத்திய இடையூறுகள் என்பர். நவம்பர் தொடக்கத்தில் மேகம் இருக்கும் உயரத்தில் வெப்பநிலை 0 டிகிரிக்குக் கீழே இருந்தாலும், தரையருகே மூன்று நான்கு டிகிரி இருக்கக்கூடும். விழும் பனிப்படிகம் வழியிலேயே உருகி மழையாகிவிடும். ஆனால் உருகுவதற்கு வெப்பம் வேண்டுமே! ஒரு கிராம் பனி உருக 80 கலோரி தேவை. உள்ளுறை வெப்பம் என்று படித்திருக்கிறீர்கள். அந்த வெப்பம் சுற்றியுள்ள காற்றிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. காற்றின் தன்வெப்பம் சுமார் 0.24 கலோரி. கணக்கிட்டால், ஒரு கிராம் பனி உருகும்போது ஏறக்குறைய 330 கிராம் காற்று ஒரு டிகிரி குளிர்கிறது. பொழிவு பலமாகவும், புதிய வெப்பக்காற்று வந்து கலக்காமலும் இருந்தால், முன்னே விழுந்த பனி தான் உருகி, பின்னே வருவதற்கு வழியைக் குளிர்வித்து வைக்கிறது. சில மணி நேரத்தில் மழை பனியாக மாறிவிடுகிறது. அப்போதும் தரையருகே வெப்பநிலை 0 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். எனவே விழுவது பாதி நனைந்த, ஒட்டிக்கொள்ளும் பனி.

கடுங்குளிர் மட்டும் போதாது, நீராவியும் வேண்டும் என்பதற்கு அமெரிக்காவின் பஃபலோ நகரம் நல்ல சான்று. அது ஈரி ஏரியின் கீழ்க்கரையில் உள்ளது. 2006 அக்டோபர் 12, 13 தேதிகளில் அங்கே இடிமுழக்கத்துடன் 57 செ.மீ. அளவுக்குப் பனி கொட்டியது. ஏரியின் நீரோ அப்போது சுமார் 17 டிகிரி வெப்பத்தில் இருந்தது! வெதுவெதுப்பான அந்த நீர்ப்பரப்பின் மேல் குளிர்காற்று வீசியதால், ஏரி நீர் ஆவியாகி மேலெழுந்து, பனியாகி நகரத்தின் மேல் விழுந்தது. ஏரி உறைந்து கிடந்திருந்தால் இவ்வளவு பனி வந்திருக்காது. அங்கும் மரங்கள் இலையோடு நின்றன. அவை மின்கம்பிகளின் மேல் முறிந்து விழ, இலட்சக்கணக்கான வீடுகள் இருளில் மூழ்கின.

இத்தகைய செய்தி வரும்போதெல்லாம், "பூமி சூடாகிறது என்றார்களே, இது என்ன?" என்று சிரிப்பவர்கள் உண்டு. ஈரி ஏரியே அவர்களுக்கு விடை. வெப்பம் ஒரு டிகிரி கூடினால் காற்று சுமார் 7 விழுக்காடு கூடுதலாக நீராவியைத் தாங்கும். அந்தக் காற்றும் குளிர்ந்தால் பொழியத்தான் செய்யும். ஆனால் எதிர்ப்பக்கத்தாரோடும் எனக்கு உடன்பாடில்லை. ஓர் ஆண்டின் ஒருநாள் பனியைக் காட்டி, "பார், பருவநிலை மாறிவிட்டது" என்பதும் அவசரமே. அதற்குப் பல பத்தாண்டுக் கணக்கு வேண்டும்.

நான் வற்புறுத்த விரும்புவது வேறு. முன்கூட்டி வரும் பனியைச் சென்டிமீட்டரில் மட்டும் அளந்து சொல்வது போதாது என்பதே என் கருத்து. ஒரு சிறு கணக்குப் போடுவோம். 4 மீட்டர் விட்டமுள்ள மரத்தலை ஒன்றின் பரப்பு சுமார் 12.5 சதுர மீட்டர். சனவரியில் 30 செ.மீ. உலர்ந்த பனி பெய்கிறது. அதன் அடர்த்தி கன மீட்டருக்கு 80 கிலோ என்று கொள்வோம். மரத்தலையின் மேல் வந்து விழும் மொத்த எடை 300 கிலோ. மொட்டைக் கிளைகள் அதில் பத்தில் ஒரு பங்கைப் பிடித்து நிறுத்தினால் 30 கிலோ. நவம்பரில் 10 செ.மீ. ஈரப்பனி, அடர்த்தி 200 கிலோ. மொத்தம் 250 கிலோ. இலைகள் பாதியைப் பிடித்துக்கொண்டாலே 125 கிலோ! அதுவும் இலைகள் மிகுந்திருப்பது கிளையின் நுனிப்பக்கத்தில். நுனியில் தொங்கும் எடைக்குத் திருப்புத்திறன் அதிகம் என்பதைச் சொல்ல வேண்டுமா? கிளை அடிமரத்தோடு சேரும் கவட்டில்தான் பிளவு தொடங்குகிறது. மூன்றில் ஒரு பங்கு ஆழமே பெய்த பனி, நான்கு மடங்கு சுமையாகி விடுகிறது.

ஆகையால் பனி எச்சரிக்கையோடு இரண்டு செய்திகள் சேர்ந்து வர வேண்டும் என்பேன்: வரப்போவது ஈரப்பனியா, உலர்ந்த பனியா? மரங்களில் இலை இருக்கிறதா, இல்லையா? முன்னதைக் காற்றின் மேலடுக்கு வெப்பநிலைகளைக் கொண்டு மதிப்பிடலாம். பின்னதற்குக் கருவியே வேண்டாம், தோட்டத்துக்குப் போய்ப் பார்த்தால் போதும். தெரிந்துவிட்டால் செய்யக்கூடிய வேலையும் எளியது. பழத்தை முன்னதாகப் பறித்துவிடலாம். கிளைகளுக்கு முட்டுக் கொடுக்கலாம். பெய்யப் பெய்ய நீண்ட கழியால் கிளையைக் கீழிருந்து மேலாக மெல்லத் தூக்கிப் பனியை உதிர்க்கலாம். மேலிருந்து அடித்தால் தாழ்ந்திருக்கும் கிளை அப்போதே முறியும். இரவு வானம் தெளிந்துவிட்டால் ஈரப்பனி கிளையோடு சேர்ந்து உறைந்து விடும். பிறகு கழியால் பயனில்லை. எனவே அந்த எச்சரிக்கை தோட்டக்காரரின் காதுக்கு மாலைக்குள் போய்ச் சேர வேண்டும்.