பல்லிடம் கேட்கவேண்டிய கேள்வி

அழிந்துபோன முதலை உறவினங்கள் ஆற்றில் வாழ்ந்தனவா, கடலில் வாழ்ந்தனவா என்பதை விஞ்ஞானிகள் பல்லைப் பொடியாக்கியும் கண்டறிகிறார்கள். அதிலுள்ள ஒட்சிசன் சமதானிகளை, அதாவது ஒரே மூலகத்தின் எடை வேறுபட்ட அணுக்களை, அளக்கிறார்கள். கடல்நீரில் கனமான ஒட்சிசன் கூடுதல், ஆற்றுநீரில் குறைவு. விலங்கு வாழ்ந்த நீரும் அதன் உடல் வெப்பமும் பல்லில் பதிந்துவிடுகின்றன. ஜுராசிக் காலத்தில் கடலோடியாக வாழ்ந்த மெட்ரியோரிங்கிட் இனங்கள், அதே காலத்துக் கரையோர உறவினங்களைவிடச் சூடான உடல் கொண்டவை என 2020இல் ஓர் ஆய்வு இவ்வாறே காட்டியது.

இதை இங்கே எழுத வைத்தது முதலை அல்ல, எங்கள் புதைகுழிகள்.

மன்னார் சதொச வளாகத்தில் 300இற்கும் மேற்பட்டோரின் எலும்புக்கூடுகள் கிடைத்தன. ஆறு மாதிரிகள் புளோரிடாவுக்குப் போயின. 2019 மார்ச்சில் வந்த காபன் அறிக்கை, 1404இற்கும் 1635இற்கும் இடைப்பட்ட காலம் என்றது. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் அதை ஏற்கவில்லை. கசப்பானது என்பதற்காக அந்த ஆறு முடிவுகளையும் தூக்கி வீச முடியாது என்பதே என் கருத்து. கடல்மீன் உண்டவரின் எலும்பு சில நூறு ஆண்டுகள் பழையதாகத் தோன்றலாம். அதற்காக 1990களுக்கு வந்துவிடாது. ஆனால் ஆறு மாதிரிகள் 300 பேருக்காகப் பேசுமா? காபன் சொல்வதும் 'எப்போது' என்பதை மட்டுமே.

செம்மணியில் 2025 செப்டெம்பர் வரை 240 எலும்புக்கூடுகள் இனங்காணப்பட்டன. இங்கேதான் பல் முக்கியம். முதலைக்குப் பல் வாழ்நாள் முழுதும் விழுந்து முளைக்கும். எங்களுக்கோ நிலைப்பல்லின் மிளிரி சிறுவயதில் உருவாகி அப்படியே நிற்கும். குழந்தையாகக் குடித்த கிணற்றுநீரின் ஸ்ரொன்ரியம் அதில் இருக்கும். யாழ் குடாநாட்டின் அடியில் சுண்ணாம்புக்கல். வவுனியாவின் அடியில் மிகப் பழைய பாறை. இரண்டின் ஸ்ரொன்ரியம் விகிதமும் ஒன்றல்ல. 1950களிலிருந்து அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கதிரியக்கக் காபனைப் பெருக்கியதால், அதன்பின் பிறந்தவரின் பிறப்பாண்டைச் சில ஆண்டு வித்தியாசத்துக்குள் மிளிரியிலிருந்தே கணிக்கலாம்.

பெயரை மட்டும் சமதானி தராது. அதற்கு மரபணுவும், ஒப்பிட உறவினரின் மாதிரியும் வேண்டும். பிள்ளையைத் தேடிய பெற்றோர் பலர் இதற்குள் இறந்துவிட்டார்கள். ஆகவே குடும்பங்களின் சட்டத்தரணிகள் நீதிமன்றில் எழுத்திலேயே கேட்கட்டும்: வயதான பெற்றோரின் மாதிரி முதலில்; பல் எஞ்சிய ஒவ்வொருவரிடமிருந்தும் ஒரு பல்; வடக்கின் கிணற்றுநீருக்கும் மண்ணுக்கும் ஓர் ஒப்பீட்டு வரைபடம்.