திமிங்கிலத்தைக் கொன்றால்தான் விஞ்ஞானமா?

சில நாட்களுக்கு முன் ஒரு கிராமத்தில் கூட்டம் முடிந்த பிறகு ஒரு தோழர் எழுந்து, "ஐயா, நடுக்கடலில் திமிங்கிலம் எதைத் தின்கிறது என்று புஸ்தகத்தில் எழுதி வைத்திருக்கிறார்களே, அதை எவன் கூடவே போய்ப் பார்த்தான்? புராணக்காரன் பார்க்காததைச் சொன்னால் புளுகு என்கிறீர்கள். விஞ்ஞானி பார்க்காததைச் சொன்னால் மாத்திரம் நிஜமாகிவிடுமா?" என்று கேட்டார். பலர் சிரித்தார்கள். ஆனால் நமக்கு அந்தக் கேள்வி மிகவும் பிடித்துவிட்டது. பகுத்தறிவு உள்ளவன் கேட்க வேண்டியதைத்தான் அவர் கேட்டார். அன்று நேரமாகிவிட்டபடியால் இரண்டு வார்த்தையில் பதில் சொல்லி முடித்தேன். இப்போது விபரமாகவே சொல்லுகிறேன்.

முதலில் திமிங்கிலம் என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுவோம். இது வடமொழிப் பெயர். திமி என்பது ஒரு பெரிய மீனாம். அதை விழுங்குவது திமிங்கிலமாம். அதையும் விழுங்குவதற்குத் திமிங்கிலகிலம் என்று இன்னொன்றும் இருக்கிறதாம். விழுங்குகிறதை விழுங்குகிறதற்கு மேல் இன்னொன்றைச் சொல்லாமல் விட்டது அவர்களுக்கு மூச்சு முட்டிவிட்டதாலோ என்னவோ! இதில் வேடிக்கை என்னவென்றால், உலகத்திலுள்ள பிராணிகளிலெல்லாம் பெரியதாகிய நீலத் திமிங்கிலம், சுமார் 100 அடி நீளம் வரை வளரக்கூடியது, பெரிய மீன் எதையும் விழுங்குவதில்லை. நம் கடற்கரையில் கூனி என்கிறோமே, அதைப்போன்ற, விரல் நீளங்கூட இல்லாத கிரில் என்னும் பிராணியைத்தான் அது வாயிலுள்ள சல்லடையால் வடிகட்டித் தின்கிறது. திமிங்கிலம் மீனுமல்ல, குட்டி போட்டுப் பால் கொடுக்கும் ஜாதி. ஆகவே பெயர் வைத்தவன் அதன் தீனியைப் பார்த்தவனல்ல என்பது விளங்குகிறதா இல்லையா? பெரிய உடம்பாயிருக்கிறது, ஆகையால் பெரியதை விழுங்கும் என்று நினைத்துக்கொண்டான். அவ்வளவுதான்.

நிற்க, விஞ்ஞானிகள் மாத்திரம் எப்படிக் கண்டார்கள்? பழைய வழி, வயிற்றைக் கிழித்துப் பார்ப்பது. கரையொதுங்கிச் செத்ததையோ, வேட்டையில் கொன்றதையோ கிழித்து, உள்ளே கிடக்கும் மீன் எலும்பையும் கணவாய் மூக்கையும் எண்ணுவார்கள். இது பொய்யான வழியல்ல. ஆனால் குறையுள்ள வழி. ஏன்? வயிற்றில் இருப்பது கடைசியாகத் தின்ற தீனி மாத்திரமே. ஒருவன் வீட்டுக் கலியாணத்தன்று அவன் இலையைப் பார்த்துவிட்டு, இவன் வருஷம் முழுவதும் வடை பாயசத்தோடுதான் சாப்பிடுகிறான் என்று எழுதி வைத்தால் எப்படி இருக்கும்? மேலும் எலும்புள்ள தீனிதான் வயிற்றில் நெடுநேரம் தங்கும். மெத்தென்ற தீனி கரைந்து போய்விடும். அநேக சமயங்களில் வயிறு காலியாகவே இருக்கும். எல்லாவற்றையும்விட, கொன்ற பிராணியை மறு வருஷம் மறுபடியும் சோதிக்க முடியாது.

புது வழி ஒன்று இருக்கிறது. நாம் தின்பதுதான் நம் உடம்பாகிறது என்பது பாமரனுக்கும் தெரிந்த விஷயம். அந்த ஒரு உண்மையைப் பிடித்துக்கொண்டே இந்த வழி போகிறது. கரியாகிய கார்பனும், காற்றிலுள்ள நைட்ரஜனும் எல்லா உயிர்களின் உடம்பிலும் இருக்கின்றன. இந்தக் கார்பன் முழுவதும் ஒரே எடையுள்ள அணுக்களாலானதல்ல. நூறில் சுமார் ஒன்று கொஞ்சம் கனமானது. நைட்ரஜனில் ஆயிரத்துக்குச் சுமார் நாலு கனமானது. குணத்தில் ஒன்றாயிருந்து எடையில் மாத்திரம் வித்தியாசப்படும் இந்த அணுக்களுக்கு, 1913-ல் பிரடெரிக் சாடி என்னும் ரசாயனி ஐசோடோப் என்று பெயர் சொன்னார். 1919-ல் ஆஸ்டன் என்பவர் இவற்றை எடைவாரியாகப் பிரித்துக் காட்டும் யந்திரத்தைச் செய்தார். அணு என்றவுடனே அணுகுண்டோ என்று யாரும் பயப்பட வேண்டாம். நாம் பேசுவது நிலையான ஐசோடோப்புகளைப் பற்றி. இவை கதிர் வீசுவதுமில்லை, சிதைவதுமில்லை. உங்கள் உடம்பிலும் என் உடம்பிலும் இப்பொழுதே இருக்கின்றன.

இவை தீனியை எப்படிக் காட்டிக் கொடுக்கின்றன? களத்தில் நெல் தூற்றுகிறோம். இலேசான பதர் காற்றோடு போகிறது. கனமான மணி காலடியில் விழுகிறது. ஏறக்குறைய அதைப்போலவே உடம்பும் தூற்றுகிறது. தின்ற மாமிசத்திலுள்ள நைட்ரஜனில் ஒரு பகுதி உடம்பில் ஒட்டுகிறது; மற்றொரு பகுதி மூத்திரமாக வெளியே போகிறது. போவதில் இலேசானது சற்று அதிகம். தங்குவதில் கனமானது சற்று அதிகம். ஆகையால் தின்னப்பட்டதைவிடத் தின்றதன் உடம்பில் கனமான நைட்ரஜனின் விகிதம், ஆயிரத்தில் சுமார் மூன்று நாலு பங்கு உயர்ந்து நிற்கிறது. கடற்பாசித் துகள் முதற்படி. அதைத் தின்னும் கிரில் இரண்டாம்படி. கிரிலைத் தின்னும் மீன் மூன்றாம்படி. மீனைத் தின்னும் கடல்நாய் நாலாம்படி. அந்தக் கடல்நாயைத் தின்னும் கொலைகாரத் திமிங்கிலம் அதற்கும் மேற்படி. படிக்குப் படி கணக்கு ஏறுகிறது. கார்பனோ படிக்குப் படி அதிகமாக ஏறாது. ஆனால் அது ஊரைச் சொல்லும். கரையோரப் பாசியில் ஒரு விகிதம், நடுக்கடல் துகளில் ஒரு விகிதம், குளிர்ந்த கடலில் ஒரு விகிதம் என்று இருப்பதால், எந்தக் கடலில் மேய்ந்தது என்பதற்கு அது சாட்சி. அமெரிக்காவில் டீநீரோ, எப்ஸ்டைன் என்னும் இருவர், பிராணிகளுக்குத் தெரிந்த தீனியைக் கொடுத்து வளர்த்து, பிறகு அவற்றின் உடம்பைச் சோதித்து, இதை 1978-லும் 1981-லும் எழுதி வெளியிட்டார்கள். அதாவது, தெரிந்ததில் அளந்து சரிபார்த்துக்கொண்ட பிறகுதான் தெரியாததற்குப் போனார்கள். புராணக்காரனுக்கும் விஞ்ஞானிக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்ட தோழருக்கு இதுதான் பதில்.

இதற்கு எவ்வளவு சதை வேண்டும்? உள்ளே குடைந்த முனையுள்ள ஒரு சிறு அம்பைத் தூரத்திலிருந்து எய்தால், கொஞ்சம் தோலும் கொழுப்பும் அதில் வந்துவிடும். அம்பு மிதக்கும், எடுத்துக்கொள்ளலாம். திமிங்கிலம் தன் பாட்டிற்குப் போய்க்கொண்டிருக்கும். அந்தத் தோல் சில வாரங்கள், சில மாதங்களின் தீனியைச் சொல்லுகிறது. வாயிலுள்ள சல்லடைத் தகடோ நகத்தைப்போல வளர்ந்துகொண்டே இருப்பதால், நுனியிலிருந்து அடிவரை அநேக வருஷத்துக் கணக்கு அதில் வரிசையாக எழுதப்பட்டிருக்கிறது. அலாஸ்கா சர்வகலாசாலையைச் சேர்ந்த டொனால்ட் ஷெல் என்பவரும் அவர் கூட்டாளிகளும் 1989-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், போஹெட் என்னும் வடகடல் திமிங்கிலத்தின் தகட்டை அங்குலம் அங்குலமாகச் சோதித்தபோது, கார்பன் கணக்கு அலையலையாக ஏறி இறங்கியிருக்கக் கண்டார்கள். மாரிக்காலத்தில் பெரிங் கடல், கோடையில் போபர்ட் கடல் என்று அது போய்வந்ததன் குறி அது. ஒரு அலை ஒரு வருஷம். மரத்தின் வளையத்தை எண்ணி வயது சொல்வதைப்போல இதில் வருஷத்தை எண்ணினார்கள்.

இன்னொரு உதாரணமும் சொல்லுவோம். வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் கொலைகாரத் திமிங்கிலங்கள் ஒரே கடலில் தனித்தனிக் கூட்டங்களாக வாழ்கின்றன. ஒரு கூட்டம் மீனையே, அதிலும் முக்கியமாக சால்மன் மீனையே தின்னும். மற்றொரு கூட்டம் மீனைத் தொடாது. கடல்நாயையும் சிறு திமிங்கிலத்தையுமே தின்னும். பலநாள் கூடவே படகில் போய்க் கண்ணால் கண்ட இந்தச் சங்கதியைத் தோலிலுள்ள நைட்ரஜனும் ருஜுப்படுத்திவிட்டது. கடல்நாய் தின்னும் கூட்டத்தின் கணக்கு மேலே நிற்கிறது. கண்ட சாட்சியும் அளந்த சாட்சியும் ஒன்றையொன்று ஆதரிக்கின்றன.

இதற்குக் குறையே இல்லையா என்றால், உண்டு. மறைப்பது நமக்கு வழக்கமல்ல. எந்தப் படியில் தின்றது, எந்தக் கடலில் தின்றது என்று சொல்லுமே தவிர, இன்ன பெயருள்ள மீன் என்று சொல்லாது. இருவேறு தீனிகள் ஒரே கணக்கைக் கொடுத்துவிடுவதும் உண்டு. எத்தனை மணங்கு தின்றது என்றும் சொல்லாது. அந்தந்தக் கடலின் முதற்படிக் கணக்கை முன்னமே அளந்திராவிட்டால் தப்பு வரும். ஆகவே மலத்தைச் சோதிப்பது, கொழுப்பைச் சோதிப்பது ஆகிய மற்ற வழிகளையும் சேர்த்துக்கொள்ளுகிறார்கள்.

இனி நாம் இதை இவ்வளவு தூரம் எழுதுவதற்குள்ள காரணத்திற்கு வருவோம். திமிங்கிலம் அற்றுப்போகும் நிலைமை வந்தபடியால், சர்வதேசத் திமிங்கிலக் கமிஷன் வியாபார வேட்டையை நிறுத்திவைக்க 1982-ல் தீர்மானித்தது. ஆனால் ஒப்பந்தத்தின் எட்டாவது ஷரத்தில், விஞ்ஞான ஆராய்ச்சிக்காகக் கொல்ல ஒரு சர்க்கார் தன் பிரஜைக்கு அனுமதி கொடுக்கலாம் என்று இருந்தது. ஜப்பான் சர்க்கார் அந்த ஷரத்தைப் பிடித்துக்கொண்டது. 1987 முதல் 2005 வரை தென்துருவக் கடலில் ஆராய்ச்சி என்ற பெயரால் 6,700-க்கு மேற்பட்ட மின்கி திமிங்கிலங்கள் கொல்லப்பட்டன. 2005-ல் தொடங்கிய இரண்டாவது திட்டத்தில் வருஷத்திற்கு 850 என்று கணக்கு வைத்தார்கள். மாமிசம் கடைக்குப் போயிற்று. கேட்டால், வயிற்றைப் பார்த்தால்தான் தீனி தெரியும், காதுக்குள்ளிருக்கும் குறும்பியை எடுத்தால்தான் வயது தெரியும் என்றார்கள். மனிதர் பிடிக்கும் மீனைப்போல மூன்று முதல் ஐந்து மடங்கு வரை உலகத்துத் திமிங்கிலங்கள் தின்றுவிடுகின்றன என்று ஒரு பிரசாரமும் அந்நாட்டிலிருந்து செய்யப்பட்டது. ஆனால் தென்துருவ மின்கியின் முக்கியத் தீனி கிரில். கடைவீதியில் நாம் வாங்கும் மீனுக்கும் அதற்கும் என்ன போட்டி?

ஆஸ்திரேலியா 2010-ல் வழக்குத் தொடுத்தது. ஹேக் நகரத்துச் சர்வதேச நீதிமன்றம் 2014 மார்ச்சு 31-ந் தேதி தீர்ப்புச் சொல்லிற்று. அந்த இரண்டாவது திட்டம் விஞ்ஞான ஆராய்ச்சிக்கென்று கொடுக்கும் அனுமதிக்குள் அடங்காது என்பதாக 12 நீதிபதிகள் ஒருபுறமும் 4 பேர் மறுபுறமும் நின்று முடிவாயிற்று. கொன்று ஆராய்வதே கூடாதென்று கோர்ட்டு சொல்லவில்லை. கொல்லாமல் அறியும் வழி எவ்வளவு உதவும் என்று சரியாக ஆராயாமலே இத்தனை தலை என்று கணக்கு வைத்ததைத்தான் குற்றமாகச் சொல்லிற்று. சுமார் 3,600 மின்கிகளைக் கொன்ற அந்தத் திட்டத்தில், வேறு அறிஞர் சரிபார்த்து வெளிவந்ததாக ஜப்பான் காட்டிய கட்டுரைகள் இரண்டே இரண்டு. அவையும் முன்னோட்டக் காலத்தில் பிடித்த ஏழு மற்றும் இரண்டு திமிங்கிலங்களைக் கொண்டு எழுதப்பட்டவை!

நாம் ஜீவகாருண்யப் பிரசங்கம் செய்ய வரவில்லை. நாமும் மீன் தின்கிறவர்களே. ஷெல் சோதித்த தகடுகள்கூட, அலாஸ்காவின் எஸ்கிமோக்கள் வேட்டையாடிய திமிங்கிலத்தினுடையவைதான். அவர்கள் தின்பதற்காகக் கொன்றோம் என்று ஒளிக்காமல் சொன்னார்கள். அதில் மோசம் இல்லை. ஜப்பானும் 2019 ஜூன் 30-ந் தேதி அந்தக் கமிஷனை விட்டு விலகி, தன் கரையோரக் கடலில் வியாபார வேட்டை என்று வெளிப்படையாகவே ஆரம்பித்துவிட்டது. அது சரியா தப்பா என்று தனியே வாதிக்கலாம். ஆனால் வியாபாரத்தை வியாபாரம் என்று சொல்லிச் செய்கிறவனோடு வாதாட முடியும். விஞ்ஞானம் என்று சொல்லிச் செய்கிறவன், கேள்வி கேட்கிறவனையே மூடன் என்று சொல்லி வாயை அடைத்துவிடுகிறான்.

தோழர்களே! நாம் இத்தனை நாளாக, சாஸ்திரம் சொல்லுகிறது என்று எவன் சொன்னாலும் எங்கே காட்டு என்று கேட்கப் பழகிக்கொண்டோம். இனிமேல் விஞ்ஞானம் சொல்லுகிறது என்று சொன்னாலும் அப்படியே கேட்க வேண்டும். எதை அளந்தாய்? எத்தனையை அளந்தாய்? வேறு வழியில் அளந்து பார்த்தாயா? அதில் உனக்கு என்ன லாபம்? உண்மையான விஞ்ஞானிக்கு இந்தக் கேள்விகளால் கோபம் வராது. அவன் தன் கணக்கை எடுத்து உங்கள் முன் வைப்பான். கோபித்துக்கொள்ளுகிறவன் எந்தச் சட்டை போட்டிருந்தாலும் அவனிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாகவே இருங்கள். அன்று கூட்டத்தில் எழுந்து கேட்ட தோழர் அடுத்த கூட்டத்திலும் எழுந்து கேட்க வேண்டும் என்பதே நமது ஆசை.