சந்தவாசல்ல வீடு கட்டுறீங்களா? அண்டர்கிரவுண்ட் தளத்தோட கணக்கை முதல்ல போடுங்க

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடுவோம். நம்ம ஊர் மேஸ்திரி "பேஸ்மென்ட் முடிஞ்சுது"ன்னு சொன்னா, அஸ்திவாரத்துல இருந்து வீட்டோட தரை மட்டம் வரைக்கும் எழுப்பினதைச் சொல்றார். நீங்க வீடியோல பார்த்து ஆசைப்படுறது பூமிக்கு அடியில ஒரு முழுத் தளம். இது தெரியாம கொட்டேஷன் வாங்கினா, ரெண்டு பேரும் ரெண்டு வேற வீட்டைப் பத்திப் பேசிட்டு இருப்பீங்க.

வேலை பெங்களூருலயோ சென்னையிலயோ, மனை சந்தவாசல்ல அப்பா பேர்ல, வீடு ஹோம் லோன்ல. இப்படி இருக்கிறவங்களுக்கு என் கருத்து: சமதளமான மனையா இருந்தா அண்டர்கிரவுண்ட் வேண்டாம்.

டொராண்டோவுல குளிர்காலத்துல மண்ணே உறையும். அஸ்திவாரத்தை எப்படியும் நாலு அடிக்குக் கீழ கொண்டு போயாகணும். அவ்வளவு தோண்டினவங்க இன்னும் கொஞ்சம் தோண்டி ஒரு தளமாவே ஆக்கிடுறாங்க. ஸ்கார்பரோ பக்கம் நம்ம தமிழ்க் குடும்பங்கள் பல, பேஸ்மென்ட்ல வாடகைக்கு இருந்து ஆரம்பிச்சவங்கதான். அப்புறம் சொந்தமா வீடு வாங்கி, கீழ்த்தளத்தை வாடகைக்கு விட்டு லோன் கட்டுறாங்க. அங்க அது வருமானம். ஜவ்வாது மலை அடிவாரத்துல மண்ணும் உறையாது, தரைக்கு அடியில குடியிருக்க வாடகைக்கு ஆளும் வராது.

சரி, செலவு எங்க ஏறுது? 20க்கு 30 அடியில ஒரு தளம் வேணும்னா, சுவர் எழுப்ப சுத்தி ரெண்டு அடி விட்டு 24க்கு 34 தோண்டணும். 10 அடி ஆழம்னா 8,160 கன அடி. 100 கன அடி ஒரு யூனிட், அப்போ 80 யூனிட்டுக்கு மேல. வெட்டின மண் உப்பும், லாரியில ஏத்தும்போது கிட்டத்தட்ட 100 யூனிட். மூணு யூனிட் டிப்பர்ல 30 நடைக்கு மேல! அதுவும் வெறும் மண்ணா இருந்தாத்தான். எத்தனை அடியில பாறை தட்டும்னு மனைக்கு மனை மாறும். தட்டினா பிரேக்கர் வரணும், மணிக்கணக்கு வாடகை ஓடும்.

அப்புறம் சுவர். சாதாரண செங்கல் சுவர் மண்ணோட அழுத்தத்தைத் தாங்காது, நாலு பக்கமும் கம்பி கட்டின கான்கிரீட் வேணும். தரைக்கு அடியில ஒரு மீட்டர் தண்ணி ஏறினாலே, சதுர மீட்டருக்கு ஒரு டன் மேல்நோக்கித் தள்ளும். ஐப்பசி, கார்த்திகையில நாலு நாள் விடாம பெய்யும்போது கரண்டும் போயிடும், மோட்டாரும் நிக்கும். ஊர்ல அம்மா அப்பா ரெண்டு பேர் மட்டும்தான் இருப்பாங்க.

இதுக்கெல்லாம் கூடுதலா 10 லட்சம்னு ஒரு பேச்சுக்கு வச்சுக்கோங்க. 9% வட்டி, 20 வருஷம்னா மாசம் சுமார் 9,000 ரூபாய். மொத்தம் கட்டுறது ஏறக்குறைய 21.6 லட்சம். புது வரி முறையில இருக்கீங்கன்னா, நீங்களே குடியிருக்கிற வீட்டு லோன் வட்டிக்குக் கழிவும் கிடையாது. மனை அப்பா பேர்ல இருந்தா, அடமானத்துக்குப் போறதும் அவர் மனைதான். நாளைக்கு உங்க வேலைக்கு ஒண்ணுன்னா, பாங்க் கை வைக்கிறது அங்கதான்.

"அண்டர்கிரவுண்ட் குளுகுளுன்னு இருக்குமே"ன்னு கேப்பீங்க. இருக்கும். ஆனா மொட்டை மாடியில வெள்ளை கூலிங் ஓடு பதிச்சாலே வீட்டுக்குள்ள சூடு ஓரளவு குறையும். இடம்தான் பிரச்சனைன்னா, மாடி தாங்குற மாதிரி இப்பவே காலம் போட்டு வைங்க. அஞ்சு வருஷம் கழிச்சு, போனஸ் சேர்ந்தப்புறம் மேல கட்டலாம். கீழ அப்படித் தள்ளிப்போட முடியாது.

ஒரே ஒரு இடத்துல நான் மாறிப்பேன். ரோட்டுல இருந்து மனை பின்பக்கமா எட்டு, பத்து அடி சரிவா இறங்குதுன்னா, மண்ணைக் கொட்டி நிரப்பவும் தடுப்புச் சுவருக்கும் எப்படியும் செலவு இருக்கு. அதுக்குப் பதிலா பின்பக்கம் திறந்த மாதிரி கீழ ஒரு தளம் போட்டா வெளிச்சமும் வரும், தண்ணியும் மோட்டார் இல்லாமலே தானா வடியும். அங்க கணக்கு ஒத்து வரலாம்.

முடிவு எடுக்கிறதுக்கு முன்னாடி, மழை முடிஞ்சதும் டிசம்பர்ல ஊருக்குப் போங்க. பக்கத்துக் கிணத்துல தண்ணி எத்தனை அடியில நிக்குதுன்னு எட்டிப் பாருங்க. இன்ஜினியர்கிட்ட அண்டர்கிரவுண்டோட ஒண்ணு, இல்லாம ஒண்ணுன்னு ரெண்டு எஸ்டிமேட்டைத் தனித்தனியா எழுதி வாங்குங்க. ரெண்டாவதுல முதல் மாடியையும் சேர்த்துப் போடச் சொல்லுங்க.