நிவாரணச் செலவில் வழக்கறிஞரும் சேரவேண்டும்

2021 மே மாதம். கரோனா இரண்டாம் அலையில், மருத்துவமனை வாசல்களில் ஆம்புலன்ஸ்கள் வரிசை கட்டி நின்ற நாட்கள். ஆக்ஸிஜன் செறிவூட்டிகளை அனுப்ப வெளிநாடுகளில் பலர் முன்வந்தார்கள். வாங்கி விநியோகிக்க இங்கே தொண்டு நிறுவனங்களும் இருந்தன. ஆனால், எந்த ஊருக்கு அனுப்புவது என்ற கேள்விக்கு முன்னால் வேறொரு கேள்வி வந்து நின்றது: இதை நாம் வாங்கலாமா?

வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் (எஃப்சிஆர்ஏ) கணக்கில் பணம் மட்டுமல்ல, பொருளும் வெளிநாட்டுப் பங்களிப்புதான். பதிவுபெற்ற நிறுவனம் அதை வாங்கலாம். வாங்கியதை இன்னொரு நிறுவனத்துக்கு, அதுவும் பதிவுபெற்றதாகவே இருந்தாலும், மாற்றிக் கொடுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டுத் திருத்தம் தடுத்துவிட்டது. அப்படியானால், ஓர் அறக்கட்டளை தான் பெற்ற கருவியை மிஷன் மருத்துவமனைக்குக் கொடுப்பது நிவாரணமா, சட்டம் தடுக்கும் ‘மாற்றிக் கொடுத்தலா’? நோயாளிக்கு மூச்சுத் திணறும் நேரத்தில் இதற்குப் பதில் சொல்லக்கூடிய ஒருவர் எத்தனை நிறுவனங்களிடம் இருந்தார்?

பேரிடர்க் காலங்களில் இறங்கி வேலை செய்யும் சிறிய, நடுத்தரத் தொண்டு நிறுவனங்கள் ஒவ்வொன்றுக்கும், நிறுவனத்துக்கு வெளியே, ஆனால் நிறுவனத்தை அறிந்த ஒரு வழக்கறிஞர் வேண்டும். நோட்டீஸ் வந்த பிறகு ஓடித் தேடுபவராக அல்ல, முன்கூட்டியே அமர்த்தி முறையாகக் கட்டணம் கொடுக்கப்படுபவராக அவர் இருக்கவேண்டும். அந்தக் கட்டணத்தை நிவாரணச் செலவாகவே நான் கருதுகிறேன்.

2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் வேலை நடந்த விதத்தை நினைத்துப் பார்க்கலாம். அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வெளிநாட்டு நன்கொடை பெரிய அமைப்புகளுக்கு வந்தது. அங்கிருந்து மாவட்ட அளவிலான அமைப்புகளுக்கும், அவற்றிலிருந்து மீனவக் குப்பங்களில் வேலை செய்த சிறு குழுக்களுக்கும் போனது. குப்பத்தின் பஞ்சாயத்தாரைத் தெரிந்தவர்கள், எந்த வீட்டில் யார் தனியாகிவிட்டார்கள் என்று அறிந்தவர்கள் அந்தக் கடைசிக் கண்ணியில்தான் இருந்தார்கள். 2020 திருத்தத்துக்குப் பின் அந்தச் சங்கிலி அறுந்துவிட்டது. திருத்தத்தை எதிர்த்துத் தொடரப்பட்ட நோயல் ஹார்ப்பர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரல் 8 அன்று திருத்தத்தைப் பெருமளவு உறுதிசெய்தது; வெளிநாட்டு நன்கொடை பெறுவதை முழுமையான உரிமையாகக் கோர முடியாது என்றும் கூறிவிட்டது. தீர்ப்பின் மீது எனக்கு வருத்தங்கள் உண்டு. ஆனால், நாட்டின் சட்டம் இன்று அதுதான். களத்தில் நிற்பவர்கள் அதற்குள்தான் வேலை செய்தாக வேண்டும்.

வழிகாட்டி இல்லாமல் அதற்குள் நடப்பது எவ்வளவு ஆபத்து என்பதை 2022 புத்தாண்டு காட்டியது. அன்று ஏறத்தாழ 6,000 நிறுவனங்களின் பதிவு செயலிழந்தது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை உரிய காலத்தில் புதுப்பிக்க விண்ணப்பிக்கவே இல்லை என்று உள்துறை அமைச்சகத் தரப்பில் சொல்லப்பட்டது. அதற்குச் சில நாட்கள் முன்புதான், கிறிஸ்துமஸ் அன்று, அன்னை தெரசாவின் மிஷனரீஸ் ஆஃப் சாரிட்டி அமைப்புக்குப் புதுப்பித்தல் மறுக்கப்பட்டிருந்தது. உலகமே அதைப் பேசியது. ஜனவரி முதல் வாரத்திலேயே பதிவு திரும்பக் கிடைத்தது. ஊர் பேர் தெரியாத ஓர் அறக்கட்டளைக்காக யாரும் பேசுவதில்லை. அதற்காகப் பேச ஒரு வழக்கறிஞர் இருந்தால்தான் உண்டு.

நம் ஊர் அறக்கட்டளைகளில் அந்த இடத்தை ஆடிட்டர்தான் நிரப்புகிறார். பத்திரம் எழுதுவது, வருமான வரிப் பதிவு, ஆண்டு அறிக்கை, அமைச்சகத்துக்குப் பதில் எல்லாமே அவர் தலையில். பல ஆடிட்டர்கள் இதைச் சேவையாகவே செய்கிறார்கள். அவர்களைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால், ஓர் அடிப்படை வேறுபாட்டை அறங்காவலர்கள் பலர் அறிந்திருப்பதில்லை. வழக்கறிஞரிடம் கட்சிக்காரர் சொன்னதை வெளியே சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்த முடியாது என்ற பாதுகாப்பைப் பாரதிய சாட்சிய சட்டத்தின் 132ஆம் பிரிவு தருகிறது. சட்டவிரோதக் காரியத்துக்குத் துணை தேடும் பேச்சுக்கு அது பொருந்தாது. ஆடிட்டரிடம் பேசுவதற்கு இந்தக் கவசம் கிடையாது. “போன வருடம் அந்தப் பணத்தைத் தவறான கணக்கில் போட்டுவிட்டோம், எப்படிச் சரிசெய்வது?” என்ற நேர்மையான கேள்வியைக்கூட யாரிடம் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து விளைவு மாறும்.

சரி, சட்டம் படித்த ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டால் ஆகாதா? பெரிய நிறுவனங்கள் அப்படிச் செய்கின்றன; தினசரி வேலைக்கு அது நல்லதுதான். ஆனால், முழுநேரச் சம்பள ஊழியராக இருப்பவர் வழக்கறிஞராகத் தொழில் செய்ய முடியாது என்பது இந்திய பார் கவுன்சிலின் 49ஆம் விதி. நிறுவனத்தின் ஊழியராக உள்ள சட்ட ஆலோசகருக்கு 132ஆம் பிரிவின் பாதுகாப்பு இல்லை என்று 2025 அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றமும் தெளிவாக்கிவிட்டது.

இன்னொரு வழக்கம், அறங்காவலர் குழுவிலேயே ஒரு வழக்கறிஞரைச் சேர்த்துக்கொள்வது. “சார் நம்ம போர்டில் இருக்கிறார், நமக்கென்ன கவலை” என்ற நிம்மதி. ஆனால், தான் நிர்வாகக் குழுவில் இருக்கும் அமைப்புக்காக ஒரு வழக்கறிஞர் நீதிமன்றத்திலோ பிற அதிகார அமைப்புகளிலோ ஆஜராகக் கூடாது என்றும் அதே பார் கவுன்சில் விதிகள் சொல்கின்றன. எந்த நாளுக்காக அவரைச் சேர்த்தார்களோ, அந்த நாளில் அவரால் எழுந்து நிற்க முடியாது. தானும் சேர்ந்து எடுத்த முடிவின் சரி தவறைப் பற்றி அவரால் விலகி நின்று பார்க்கவும் முடியாது. குழுவில் அவர் இருக்கட்டும். வக்காலத்து வெளியே இருக்கட்டும்.

வெளியாளை அமர்த்தும்போது, முதல் நாளே தீர்த்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. அவர் யாருக்கு வழக்கறிஞர்? இது வெற்றுக் கேள்வி அல்ல. பெரும்பாலும் நிர்வாக அறங்காவலர்தான் அவரைக் கண்டுபிடிக்கிறார், பேசுகிறார், காசோலையில் கையெழுத்திடுகிறார். நாளாவட்டத்தில் அவர் நிர்வாக அறங்காவலரின் வழக்கறிஞராகிவிடுகிறார். அந்த நிர்வாக அறங்காவலர் மீதே ஒரு பெண் ஊழியர் புகார் கொடுத்தால்? ஹைட்டி நிலநடுக்கத்துக்குப் பின் ஆக்ஸ்ஃபாம் தொண்டு நிறுவனத்தின் ஊழியர்கள் சிலர் பாலியல்ரீதியாகத் தவறாக நடந்துகொண்ட விதம் 2011இல் உள்ளுக்குள் விசாரிக்கப்பட்டு, பொறுப்பிலிருந்தவர் ராஜினாமா செய்ய அனுமதிக்கப்பட்டார். 2018இல் பத்திரிகையில் வெளிவந்தபோது அமைப்பே ஆட்டம் கண்டது. பிரிட்டனின் அறநிறுவன ஆணையம் அடுத்த ஆண்டு கடும் அறிக்கை வெளியிட்டது. அமைப்பின் பெயரைக் காப்பதும் அமைப்பைக் காப்பதும் வெவ்வேறு என்று உள்ளே இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை. வெளியிலிருந்து வருபவர் அதைச் சொல்ல வேண்டும். சொல்லும் துணிவு அவருக்கு இருக்க வேண்டுமென்றால், கட்சிக்காரர் அறக்கட்டளைதான், நிர்வாகி அல்ல என்று அமர்த்தும் கடிதத்தில் எழுதியிருக்க வேண்டும். குறைந்தது இரண்டு அறங்காவலர்களாவது அவரோடு நேரடியாகப் பேசும் நிலை இருக்க வேண்டும். கட்டணம் வாங்காமல் உதவ ஒருவர் முன்வந்தாலும் கடிதம் அவசியம். நட்புக்காகச் செய்யும் வேலை நட்புக்கேற்ற வேகத்தில்தான் நடக்கும். பதிவு காலாவதியாகும் தேதி நட்புக்காகக் காத்திருக்காது.

எங்கே தேடுவது? டெல்லியில் பெரிய பெயர்கள் இருக்கின்றன. என் யோசனை வேறு. கோப்பு முழுவதையும் அறிந்தவர் சென்னையிலோ மதுரையிலோ, போய்ப் பார்க்கும் தூரத்தில் இருக்கட்டும். டெல்லியில் வாதாட வேண்டியிருந்தால் அவரே அங்கே தகுந்தவரைப் பிடிப்பார். நன்கொடையாளர் அனுப்பும் ஒப்பந்தத்தை வாசிக்கச் சலிக்காதவராகவும் அவர் இருக்கவேண்டும். அந்த ஒப்பந்தங்களில் தகராறு வந்தால் லண்டன் நீதிமன்றம் என்று ஒரு வரி இருக்கும். தணிக்கையில் ஏற்கப்படாத செலவைத் திருப்பித் தரவேண்டும் என்று இன்னொரு வரி இருக்கும். அரிசியும் தார்ப்பாயும் எப்போதோ மக்களிடம் போய்ச் சேர்ந்திருக்கும். திருப்பித் தர அறக்கட்டளையிடம் எதுவும் இருக்காது.

எல்லாவற்றையும்விட என்னை வருத்துவது இடைநீக்கம். பதிவை முதலில் 180 நாட்கள், பிறகு மேலும் 180 நாட்கள்வரை அரசு நிறுத்திவைக்கலாம். அந்தக் காலத்தில் கையிருப்பில் அதிகபட்சம் 25 விழுக்காட்டை மட்டும், அதுவும் முன் அனுமதி பெற்று, செலவிடலாம். முதியோர் இல்லமோ ஆதரவற்ற குழந்தைகள் இல்லமோ நடத்தும் நிறுவனம் என்றால், அந்த விண்ணப்பம் முதல் வாரமே போயாக வேண்டும். அதே நேரத்தில் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாமா என்றும் முடிவெடுக்க வேண்டும். நிறுவனத்தின் ஆவணங்களை அதுவரை பார்த்திராத ஒருவர், அவற்றைப் படித்து முடிக்கவே இரண்டு மூன்று வாரங்கள் ஆகும். அந்த வாரங்களிலும் இல்லத்தில் அடுப்பு எரிய வேண்டும்.

இவ்வளவு தேவையான ஒரு செலவைச் சட்டமே தண்டிக்கிறது என்பதுதான் இதில் கொடுமை. வெளிநாட்டு நன்கொடையில் நிர்வாகச் செலவுக்கு இருந்த உச்சவரம்பு 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆகக் குறைக்கப்பட்டது. நிர்வாகச் செலவு எவை என்று பட்டியலிடும் எஃப்சிஆர்ஏவின் 2011ஆம் ஆண்டு விதிகளின் 5ஆம் விதியில், வாடகை, வாகனம், கணக்கெழுதுவது ஆகியவற்றோடு சட்டக் கட்டணமும் இருக்கிறது. ஆண்டுக்கு 30 லட்சம் ரூபாய் பெறும் அறக்கட்டளை என்றால், 6 லட்சத்துக்குள் இவை அத்தனையும் அடங்க வேண்டும். சட்டத்தைச் சிக்கலாக்கிய கையே, அதைப் புரிந்து நடப்பதற்கான செலவையும் சுருக்கிவிட்டது. இப்போதைக்குச் சிறிய நிறுவனங்களுக்கு உள்ள வழி, உள்ளூர் நன்கொடையில் ஒரு பகுதியை இதற்கென்றே ஒதுக்குவது. உள்ளூரில் கொடுப்பவர்களோ தங்கள் பணம் சோறாகவும் புத்தகமாகவும் போவதைத்தான் விரும்புகிறார்கள். அவர்களிடம் கூச்சப்படாமல் விளக்கிக் கேட்க வேண்டும்.

அரசிடமும் கேட்க வேண்டும். அதே விதியில், மருத்துவமனை நடத்தும் நிறுவனம் டாக்டருக்குத் தரும் சம்பளமும், பள்ளி நடத்துவது ஆசிரியருக்குத் தரும் சம்பளமும் நிர்வாகச் செலவாகாது என்று விலக்கு இருக்கிறது. சட்டத்துக்கு உட்பட்டு நடப்பதற்காக வழக்கறிஞருக்குத் தரும் கட்டணத்தையும் அந்த விலக்கில் சேர்க்கலாம். இதற்கு நாடாளுமன்றத்தில் புதிய மசோதா தேவையில்லை. நிர்வாகச் செலவில் எவை அடங்கும் என்று வகுக்கும் அதிகாரத்தைச் சட்டத்தின் 8ஆம் பிரிவு ஏற்கெனவே மத்திய அரசின் கையில்தான் கொடுத்திருக்கிறது.