சோறு ஊட்டுவதா, பாட்டு பாடுவதா? அங்கன்வாடி டீச்சருக்கு ரெண்டும் ஒரே வேலைதான்!

பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு போகும்போது கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டியிருப்பீர்கள். அங்கே மாநிலம் மாறும், பேச்சு சட்டென்று மாறாது. கேரளப் பக்கம் சித்தூர் தாலுகாவிலும் பல வீடுகளில் தமிழ்தான். அப்படி ஒரு வீட்டில் 2 வயதுக் குழந்தை இருக்கிறது என்று வையுங்கள். அங்கன்வாடியிலிருந்து அதற்கு என்ன கிடைக்கும்?

முக்கியமாக, ஒரு மாவு பாக்கெட். குடும்பஸ்ரீ பெண்கள் தயாரிக்கும் 'அம்ருதம் நியூட்ரிமிக்ஸ்', 6 மாதம் முதல் 3 வயது வரை வீட்டுக்கே தரப்படுகிறது. ஆட்டம், பாட்டு, களிமண் பொம்மை எல்லாம் 3 வயதுக்கு மேல், அங்கன்வாடிக்கு வந்த பிறகுதான்.

அதுவரைக்கும் காத்திருக்கலாமா?

கூடாது. மூளை வளர்ச்சியில் 85 சதவீதத்துக்கும் மேல் 6 வயதுக்கு முன்பே நடந்துவிடுகிறது என்கிறது 2020 தேசியக் கல்விக் கொள்கை. அதனால்தான் 2024 மார்ச்சில் மத்திய அரசு, 3 முதல் 6 வயது வரையிலான குழந்தைகளுக்கான 'ஆதார்ஷிலா'வோடு, பிறந்தது முதல் 3 வயது வரைக்கும் 'நவசேதனா' என்ற வழிகாட்டியையும் வெளியிட்டது. விஷயம் சிம்பிள்: குளிப்பாட்டும்போது பாடுவது, ஊட்டும்போது கதை பேசுவது, கிண்ணத்தைத் தட்டித் தாளம் போடுவது. பராமரிப்பு வேறு, கலை வேறு இல்லை.

அப்போ டீச்சர் ஏன் செய்வதில்லை?

'அக்கறை இல்லை' என்று சொல்லிவிடுவது ஈஸி. ஆனால் அவர் நாளைப் பாருங்கள். எடை, உயரம் அளக்கணும், போஷன் டிராக்கர் ஆப்பில் பதியணும், கர்ப்பிணிகளைக் கவனிக்கணும், வீடு வீடாகப் போகணும். 2018 அக்டோபரில் மத்திய அரசு நிர்ணயித்த மதிப்பூதியம் மாதம் 4,500 ரூபாய். கேரளா போன்ற மாநிலங்கள் கூடுதலாகத் தருகின்றன. இவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனாலும் கையில் கிடைப்பது 'சம்பளம்' இல்லை, 'மதிப்பூதியம்'தான்.

நம் பங்கும் இருக்கு. 'இன்னைக்கு என்ன எழுதினே?' என்றுதானே குழந்தையிடம் கேட்கிறோம்? கிறுக்கலும் களிமண்ணும் நம் கணக்கிலேயே வருவதில்லை.

கேட்டால் மாறுமா?

மாறும். உப்புமாவுக்குப் பதில் பிரியாணி வேணும் என்று ஒரு குட்டிப் பையன் கேட்ட வீடியோ 2025 தொடக்கத்தில் வைரலானது. ஜூனிலேயே கேரள அங்கன்வாடிகளின் மெனுவில் முட்டை பிரியாணி வந்துவிட்டது. கிரேயான் வேணும், பாட்டு வேணும் என்று இன்னும் யாரும் அப்படிக் கேட்கவில்லை.

எல்லைக் கிராமங்களில் இன்னொன்றும் கேட்கணும்: எந்த மொழியில் பாட்டு? 2 வயதுக் குழந்தையைச் சிரிக்க வைப்பது வீட்டில் கேட்டுப் பழகிய மொழிதான்.

இது உங்களுக்கும்தான். 50 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்கணும் என்றது 2017 மகப்பேறு பலன் சட்டத் திருத்தம். குழந்தையை அங்கே விட்டாலும் சரி, அங்கன்வாடியில் விட்டாலும் சரி, சாயங்காலம் 'சாப்பிட்டானா?' என்பதோடு நிறுத்தாதீங்க. 'இன்னைக்கு என்ன பாட்டு பாடினீங்க?' என்றும் கேளுங்க.